மைக்கேல் விக் வழக்கில் தண்டிக்கப்படாத குற்றம்

2007 டிசம்பர் 10 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்டில், கூட்டாட்சி நீதிபதி ஹென்றி ஹட்சன் நாய்ச் சண்டை வழக்கில் மைக்கேல் விக்குக்கு 23 மாதச் சிறைத்தண்டனை விதித்தார். விக் அப்போது அட்லாண்டா ஃபால்கன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் குவாட்டர்பேக். மூன்றாண்டுகளுக்கு முன்புதான் பத்தாண்டுகளுக்கு 13 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டவர். நாய்களுக்காக ஒரு மனிதனைச் சிறையில் அடைப்பதா என்று ஒரு சாரார் கேட்டனர். நட்சத்திரம் என்பதால் குறைந்த தண்டனையோடு தப்பினார் என்று இன்னொரு சாரார் கொதித்தனர். இரு தரப்பும் ஆளையே பார்த்துக்கொண்டிருந்ததில் குற்றத்தின் தன்மை பேசப்படாமலே போயிற்று. விக்குக்குச் சிறைத்தண்டனை தகும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதற்கான நியாயம் அவருடைய புகழில் இல்லை. அந்தக் கொடுமை திட்டமிடப்பட்டு, பணம் போட்டு, ஆண்டுக்கணக்கில் நடத்தப்பட்ட விதத்தில் இருக்கிறது. தீர்ப்பில் குறை உண்டு. ஆனால் அது மாதங்களின் எண்ணிக்கையில் இல்லை. விலங்குக் கொடுமை என்ற பெயரில் எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை என்பதே அந்தக் குறை.

குற்றப்பத்திரிகையும் விக்கே கையெழுத்திட்ட ஒப்புதல் அறிக்கையும் தரும் விவரங்களிலிருந்து தொடங்கலாம். 2001இல், விக் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேர்வான அதே ஆண்டில், வர்ஜீனியாவின் சர்ரி மாவட்டத்தில் சுமார் 34,000 டாலருக்கு ஒரு நிலம் வாங்கப்பட்டது. பின்புறம் சாலையிலிருந்து தெரியாதபடி வேலி எழுந்தது. காயம்பட்ட நாய்களை வைக்கவும் சண்டை நடத்தவும் கொட்டகைகள் எழுந்தன. விக்கும் கூட்டாளிகளும் ‘பேட் நியூஸ் கென்னல்ஸ்’ என்ற பெயரில் பிட்புல் நாய்களை வளர்த்து, வெளிமாநிலங்களுக்கும் கொண்டுசென்று பந்தயச் சண்டைக்கு விட்டார்கள். 2003இல் தோற்ற சண்டைகளுக்காக எதிர்த்தரப்புக்கு 23,000 டாலர் கொடுக்கப்பட்டது. சண்டைக்குத் தேறாத நாய்களுக்கு வேறு முடிவு காத்திருந்தது. 2007 ஏப்ரலில் அப்படி ஆறு முதல் எட்டு நாய்கள் தூக்கிலிட்டும் நீரில் அமிழ்த்தியும் கொல்லப்பட்டன. ஒன்றையாவது தரையில் அறைந்து கொன்றார்கள். தானும் இரு கூட்டாளிகளும் சேர்ந்து செய்ததன் விளைவே அந்தச் சாவுகள் என்று விக் ஒப்புக்கொண்டார். அதே மாதம் 25ஆம் தேதி போலீஸ் அந்த நிலத்துக்குள் நுழைந்தது. நாய்களைத் தேடி அல்ல, அவருடைய உறவினர் ஒருவர் மீதான போதைப்பொருள் விசாரணைக்காக. அந்த விசாரணை இல்லாதிருந்தால் கொட்டகைகள் இன்னும் எத்தனை ஆண்டு நின்றிருக்குமோ.

ஒப்புதல் அறிக்கையில் உள்ள ஒரு வரி பொது விவாதத்தில் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. செலவும் பந்தயப் பணமும் ஏறத்தாழ முழுவதும் விக்குடையவை. ஆனால் வென்ற பரிசுத்தொகையில் அவர் பங்கு எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய வழக்கறிஞர்கள் இதைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாகத்தான் கருதியிருப்பார்கள். எனக்கு இது நேர் எதிராகவே தோன்றுகிறது. வறுமையோ கடனோ பிழைப்போ அவரை அந்தக் கொட்டகைக்குள் தள்ளவில்லை. ஆதாயமே வேண்டாதவர் ஆறாண்டு காலம் பணத்தைக் கொட்டி ஒன்றைக் காப்பாற்றி வந்தார் என்றால், சண்டையைத் தவிர வேறு எதை அவர் விரும்பினார் என்று சொல்வது? குற்றவியலில் பொறுப்பின் அளவு ஏறுவதும் இறங்குவதும் இத்தகைய கேள்விகளால்தான்: நிறுத்த எத்தனை வாய்ப்பு இருந்தது, நிறுத்தினால் என்ன இழப்பு நேர்ந்திருக்கும், எதிரே இருந்த உயிருக்குத் தப்ப வழி இருந்ததா. மூன்றுக்குமே விக் வழக்கில் கிடைக்கும் விடை அவருக்குச் சாதகமானதல்ல.

இவ்வளவும் இருந்தும் அவர் எதற்காகத் தண்டிக்கப்பட்டார்? கூட்டாட்சி வழக்கின் ஒரே குற்றச்சாட்டு சதி. சட்டவிரோதச் சூதாட்டத் தொழிலுக்காக மாநில எல்லை கடந்து பயணம் செய்யவும், சண்டைக்கு நாயை இறக்கவும் கூடித் திட்டமிட்டதே அந்தச் சதி. நாய்ச் சண்டை மட்டும் என்று வழக்குப் போட்டிருந்தால், குற்றம் நடந்த காலத்துச் சட்டப்படி அதிகபட்சம் ஓராண்டுதான். அது சிறு குற்றம். அதை மூன்றாண்டு வரை தண்டிக்கத்தக்க பெருங்குற்றமாக்கிய சட்டம் 2007 மே 3 அன்று, சோதனை நடந்து ஒரு வாரம் கழித்தே, கையெழுத்தானது. நடந்து முடிந்ததற்கு அதைப் பொருத்த முடியாது. ஆகவே ஐந்தாண்டு வரை இடம் தரும் சதிப் பிரிவை அரசு வழக்கறிஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கும் தண்டனை வழிகாட்டி நெறிகள் தொடக்கத்தில் காட்டியது சில மாதங்களைத்தான். நாய்கள் கொல்லப்பட்ட விதம் அந்தக் கணக்கில் அடங்கவில்லை என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட பிறகே 12 முதல் 18 மாதம் என்ற அளவு எட்டப்பட்டது. கொலைகளில் தன் பங்கு பற்றி விக் முழு உண்மை சொல்லவில்லை என்று கருதிய நீதிபதி அதையும் தாண்டி 23 மாதம் என்றார். மாநில நீதிமன்றத்தில் தனி வழக்கு இருந்தது. அதில்தான் நாய்களை அடித்துக் கொன்றது பற்றிய குற்றச்சாட்டு நேரடியாக இடம்பெற்றிருந்தது. 2008 நவம்பரில் நாய்ச் சண்டைக் குற்றத்தை விக் ஒப்புக்கொண்டதும் அந்தக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. விதித்த மூன்றாண்டுத் தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது. கொடுமை இவ்வாறு தண்டனையின் அளவைக் கூட்டும் சூழ்நிலையாக மட்டுமே நுழைந்தது, குற்றமாக நுழையவேயில்லை.

அபராதம் போதாதா என்பது முதல் மறுப்பு. கூட்டாட்சி நீதிமன்றம் விதித்த அபராதம் 5,000 டாலர். 13 கோடி டாலர் ஒப்பந்தக்காரருக்கு அது தண்டனை அல்ல, கட்டணம். பணக்காரர்கள் செய்யும் குற்றங்களில் அபராதம் எப்போதுமே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறது. சிறையில் கழியும் ஒரு மாதம் எல்லோருக்கும் ஒரே நீளம். நாய்களின் பராமரிப்புக்காக விக்கிடமிருந்து பெறப்பட்ட 9,28,073 டாலர் வேறு வகை. அது நேர்ந்த தீங்கைச் சரிசெய்யும் தொகை, அதன் பயனும் கண்கூடு. சண்டை நாய்களை மொத்தமாகக் கொன்றுவிடுவதே அதுவரை வழக்கம். முன்னணி விலங்குநல அமைப்புகள் சிலவும் அதையே பரிந்துரைத்தன. நீதிமன்றமோ ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதிக்கச் செய்து, அவற்றின் நலனைக் கவனிக்க ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரை நியமித்தது. மூர்க்கத்துக்காகக் கொல்லப்பட்டது ஒரே ஒரு நாய். 22 நாய்கள் யூட்டா மாநிலத்தின் பெஸ்ட் ஃபிரண்ட்ஸ் காப்பகத்துக்குப் போயின. மற்றவை பல அமைப்புகளின் வழியாக வீடுகளுக்குச் சென்றன. ஆனால் பிழைத்தவற்றுக்குச் செய்த ஈடு, தூக்கிலிடப்பட்டவற்றுக்கான பதில் ஆகாது.

சிறை தகும் என்றால் எல்லாக் கொடுமைக்கும் தகுமா என்று கேட்பது நியாயமே. இங்கிலாந்தில் நடந்த இன்னொரு வழக்கு அளவுகோலாக உதவும். வெஸ்ட் ஹாம் கால்பந்து வீரர் கர்ட் சூமா தன் வீட்டுப் பூனையை உதைத்து அறையும் காணொளி 2022 பிப்ரவரியில் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் இங்கிலாந்து அதிகபட்சத் தண்டனையை ஆறு மாதத்திலிருந்து ஐந்தாண்டாக உயர்த்தியிருந்தது. நீதிமன்றம் அவருக்குச் சிறை விதிக்கவில்லை. 180 மணி நேர சமூகப் பணியும், ஐந்தாண்டுக்குப் பூனை வளர்க்கத் தடையும் விதித்தது. கோபத்தில் நிகழ்ந்த ஒரு நாள் வன்முறையையும், வேலி கட்டி ஆண்டுக்கணக்கில் நடத்திய ஏற்பாட்டையும் ஒரே தண்டனையில் அடைப்பது தவறு. சூமாவும் சிறைக்குப் போயிருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் விலங்கின் மீதுள்ள பரிவால் கேட்டார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அளவுகோலை ஏற்றால் விக்குக்கு எதைக் கொடுப்பது?

இனி, சிறையை ஆதரிப்போர் வழக்கமாகச் சொல்லும் ஒரு காரணத்தை நான் ஏற்கவில்லை. இன்று நாயைக் கொல்பவர் நாளை மனிதனைக் கொல்வார் என்பது அது. சமூகவியலாளர் ஆர்லூக்கும் மூன்று சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, மாசசூசெட்ஸில் விலங்குக் கொடுமைக்காக வழக்குத் தொடரப்பட்ட 153 பேரை, அவர்களுடைய அக்கம்பக்கத்தாரான 153 பேரோடு ஒப்பிட்டது. முதற்பிரிவினர் வன்முறை உள்ளிட்ட பல குற்றங்களில் அதிகம் ஈடுபட்டிருந்தது உண்மை. ஆனால் விலங்கில் தொடங்கி மனிதரிடம் முடியும் படிவரிசைக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. விலங்குக் கொடுமை மற்றக் குற்றங்களுக்கு முன்னும் வந்தது, பின்னும் வந்தது. ஆதாரம் வலுவாக இருந்தாலும் அந்த வாதம் எனக்கு உவப்பானதல்ல. செய்யாத குற்றத்துக்காக ஒருவரைச் சிறையில் வைப்பதை அது நியாயப்படுத்துகிறது. நாய் பட்ட வேதனையை மனிதனுக்கு வரப்போகும் ஆபத்தின் அறிகுறியாகச் சுருக்கிவிடுகிறது. விக் அனுபவித்த மாதங்கள் அந்த நாய்களுக்காகவே தகுதியானவை என்று சொல்லத் துணிய வேண்டும்.

அப்படித் துணிந்ததும் கடினமான மறுப்பு வந்து நிற்கிறது. தத்துவவாதி கேரி ஃபிரான்சியோன் 2007 ஆகஸ்டில் எழுதிய பத்திரிகைக் கட்டுரையில், இறைச்சி உண்ணும் நாம் எல்லோருமே மைக்கேல் விக்குகள்தாம் என்று வாதிட்டார். நாவின் சுவைக்காகக் கோடிக்கணக்கான விலங்குகளை வதைக்கும் சமூகம், கண்ணின் இன்பத்துக்காகச் சில நாய்களை வதைத்தவரைச் சிறைக்கு அனுப்ப என்ன உரிமை பெற்றிருக்கிறது? இது பாசாங்கைச் சுட்டும் வாதம், அந்த அளவில் உண்மையும்கூட. ஆனால் இதன் முடிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். சமூகம் பண்ணைகளில் நடப்பதை மன்னிக்கிறது என்பது பண்ணைகளுக்கு எதிரான வாதமாகலாம். கொட்டகைக்கு ஆதரவான வாதம் ஆகாது. தன் சட்டம் முழுவதும் முரணற்றதாகும் வரை எந்தக் கொடுமையையும் தண்டிக்கக் கூடாது என்றால் எந்தச் சமூகமும் எதையும் தண்டிக்க முடியாது. தவிர, நாய்ச் சண்டையில் வேதனை உடன்விளைவு அல்ல, அதுதான் காட்சியே. வலியில்லாத சண்டை நடத்த யாரும் பணம் கட்ட மாட்டார்கள். ஃபிரான்சியோன் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. குற்ற மனத்தை எடைபோடும் சட்டம் அப்படி விட்டுவிட முடியாது.

மனித உயிரோடு ஒப்பிட்டு எழுந்த மறுப்பு இதைவிடப் பரவலானது. 2009 மார்ச்சில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் வீரர் டாண்டே ஸ்டால்வொர்த் மயாமியில் குடித்துவிட்டுக் காரோட்டி, சாலையைக் கடந்த ஒருவரின் சாவுக்குக் காரணமானார். அவருக்குக் கிடைத்தது 30 நாள் சிறை, அதன்பின் ஈராண்டு வீட்டுக்காவல். ஒரு மனிதனுக்கு 30 நாள், நாய்களுக்கு 23 மாதமா என்ற கேள்வி உறுத்துவது இயல்பு. ஆனால் இந்த ஒப்பீடு எந்தத் தண்டனை பிழையானது என்பதைச் சொல்வதில்லை. விளைவைப் பார்த்தால் ஸ்டால்வொர்த் செய்தது பெரிது. நோக்கத்தைப் பார்த்தால் விக் செய்தது. இரண்டையும் வைத்து எடைபோட்டால், எனக்கு 30 நாள்தான் வெட்கத்துக்குரியதாகத் தெரிகிறது.

புகழ் தண்டனையைக் கூட்டியதா? விக் கறுப்பினத்தவர் என்பதால் அந்த ஐயத்துக்கு ஒரு வரலாறே உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. ஆனால் இந்த வழக்கில் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அவருடன் தண்டிக்கப்பட்ட மற்ற மூவரும் புகழில்லாதவர்கள். ஒத்துழைத்த ஒருவருக்கு 2 மாதம், மற்ற இருவருக்கு 18, 21 மாதம். எல்லாவற்றுக்கும் பணம் போட்டவரும், பொய் கண்டறியும் சோதனையில் தோற்றவரும், தீர்ப்புக்கு முன் பிணையில் இருந்தபோது கஞ்சா பயன்படுத்தியவருமான விக்குக்கு 23. இந்த வரிசையில் நட்சத்திர அந்தஸ்துக்கென்று தனி மாதங்கள் எதுவும் தெரியவில்லை. புகழ் வேலை செய்தது வேறிடத்தில். 2008 மார்ச்சுக்குள் ஐம்பது மாநிலங்களிலும் நாய்ச் சண்டை பெருங்குற்றமானது. அதே ஆண்டில் கூட்டாட்சிச் சட்டத்தின் அதிகபட்சத் தண்டனையும் ஐந்தாண்டாயிற்று. ஊர்பேர் தெரியாத ஒருவரின் வழக்கு இந்த மாற்றங்களை இவ்வளவு வேகமாக உந்தியிருக்குமா என்பது சந்தேகமே.

சிறையையே கேள்வி கேட்பவர்கள் கடைசியாக வருகிறார்கள். சட்ட அறிஞர் ஜஸ்டின் மார்சோ 2019இல் வெளியிட்ட ‘பியாண்ட் கேஜஸ்’ நூலில், கூண்டுகளை எதிர்க்கும் விலங்குநல இயக்கம் மனிதரைக் கூண்டில் அடைப்பதைத் தன் வெற்றியாக எண்ணுவதைக் கடுமையாகச் சாடுகிறார். எளியவர்களைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, தொழில்முறைக் கொடுமையைத் தொடாமல் விடும் போக்கு அது என்கிறார். அவருடைய எச்சரிக்கை பெரும்பாலான வழக்குகளுக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். வறுமையில் நாயைப் பட்டினி போட்டவரைச் சிறைக்கு அனுப்புவதால் எந்த நாயும் வாழப்போவதில்லை. ஆனால் விக் எளியவர் அல்லர். அவர் நடத்தியதும் ஒரு தொழில் அமைப்புத்தான். சிறையைக் குறைவாகப் பயன்படுத்தும் நாட்டிலும் இத்தகைய வழக்குக்கு அதில் இடம் இருக்கும்.

தகுதியின் பெயரால் சிறையைக் கேட்பவர், அதே தகுதியின் பெயரால் தண்டனை முடியும் நாளையும் ஏற்க வேண்டும். விக் 2009இல் வெளியே வந்து பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியில் சேர்ந்தார். 2011இல் மீண்டும் பத்து கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். நட்சத்திர வீரர்கள் ஆடும் 2020 புரோ பௌல் ஆட்டத்துக்கு அவரைக் கௌரவத் தலைவராக அறிவித்தபோது, நீக்கக் கோரி லட்சக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டனர். அந்தக் கோரிக்கைக்கு நான் காட்டிய காரணங்களில் இடமில்லை. பந்தெறிவதற்கும் நாயை வதைப்பதற்கும் தொடர்பில்லை. தொடர்புள்ள தடையோ சத்தமில்லாமல் காலாவதியானது. விடுதலைக்குப் பிந்தைய கண்காணிப்புக் காலத்தில் நாய் வளர்க்க அவருக்கு அனுமதி இல்லை. அது முடிந்த 2012இலேயே தன் குடும்பத்தில் நாய் இருப்பதை அவர் ஒப்புக்கொண்டார். சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. பூனையை ஒரு நாள் உதைத்தவருக்கு ஐந்தாண்டுத் தடை போட்டது இங்கிலாந்து. விலங்குக் கொடுமை என்றே பெயரிட்டு ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தால், ஹட்சனோ சர்ரி மாவட்ட நீதிமன்றமோ முதலில் யோசித்திருக்க வேண்டியது அந்தத் தடையின் நீளத்தைத்தான்.