பயணியின் கையிலுள்ள அமானத்

 

உம்ராவுக்குப் புறப்படவிருந்த நம் பழவேற்காட்டுப் பெரியவர் ஒருவர், ஜும்ஆவுக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வருமாம். ஊசி போடாமலே சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். அவரிடம் கூறிய வரலாற்றையே உங்கள் முன் வைக்கிறேன்.

நம்முடையது கப்பல் கண்ட ஊர். 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை எழுப்புவதற்கு முன்பே இவ்வூர்த் துணிகள் மலாக்கா வரை சென்றன. ஆனால், கப்பலில் சரக்கு மட்டுமா ஏறுகிறது? நோயும் ஏறுகிறது.

1865-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் காலரா பரவியது. ஹாஜிகளில் சுமார் 15,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்பட்டது. ஜித்தாவிலிருந்து ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு சூயஸ் துறைமுகத்தை அடைந்த ஒரு நீராவிக் கப்பலில், வழியில் இறந்தவர்களின் உடல்கள் கடலில் இடப்பட்டிருந்தன. அவர்கள் தொற்றாத சாதாரண நோயால் இறந்ததாகக் கப்பல் தலைவர் அறிவித்தார். பயணிகள் இறக்கிவிடப்பட்டனர். எகிப்திலும் மத்தியதரைக் கடல் துறைமுகங்களிலும் காலரா புகுந்தது. ஒரு பொய்யான வாக்குமூலம், கடல் கடந்திராத ஏழைகளின் வீட்டு வாசலுக்கு மரணத்தைக் கொண்டு சேர்த்தது!

மறு ஆண்டே, 1866-இல், இஸ்தான்புல்லில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. பின்னர் 1882 முதல், யமன் கரையோரக் கமரான் தீவில் இந்திய ஹாஜிகள் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். அந்தத் தீவின் சிரமங்களோடு ஒப்பிட்டால், இன்றைய ஊசி எம்மாத்திரம்?

இந்த ஒழுங்கு இஸ்லாத்திற்குப் புதியதன்று. கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளை நோய் பரவிய காலத்தில், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்னும் இடம் வரை சென்று, அங்கிருந்தே மதீனா திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்ட அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு, இதுவும் அல்லாஹ்வின் விதியை நோக்கியே செல்வதுதான் என்று உணர்த்தினார்கள்.

மூளைக்காய்ச்சலின் கதையும் இதுவே. 1987 ஹஜ்ஜில் அது பரவியதைத் தொடர்ந்து தடுப்பூசி கட்டாயமானது. 2000-ஆம் ஆண்டில், பழைய ஊசியால் தடுக்க முடியாத டபிள்யூ-135 என்ற வகை பரவியது. பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் ஹாஜிகளை மட்டுமன்றி, அவர்களை வரவேற்ற குடும்பத்தாரையும் அது பீடித்தது. ஏனெனில், நோயின் அறிகுறியே இல்லாதவரின் தொண்டையிலும் அக்கிருமி தங்கியிருக்கக்கூடும். 2002 முதல் நான்கு வகைகளுக்கும் எதிரான ஊசி கட்டாயமாக்கப்பட்டது.

ஆகவே வாசகர்களே! பயணத்திற்குப் பத்து நாட்களுக்கு முன்பேனும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். நெரிசலில் முகக்கவசம் அணியுங்கள். காய்ச்சாத ஒட்டகப் பாலைத் தவிருங்கள். திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், சென்று வந்த நாட்டை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உடல்நலம் அமானத், பொய்ச் சான்றிதழோ அந்த அமானத்திற்குச் செய்யும் மோசடி.

அந்தப் பெரியவர் மறுநாளே சென்னை சென்று ஊசி போட்டுக்கொண்டார். "காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டேன். "கைதான் ஒருநாள் வலித்தது, ஹஜ்ரத்" என்றார்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை நமக்கும் பிறருக்கும் நலமுள்ளதாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.