தோல் நுண்ணுயிர்களும் சென்னைக் குளியலும்

மனிதத் தோலின் மேற்பரப்பிலும் மயிர்க்கால்களிலும் குடியிருக்கும் பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ், நுண்பேன் ஆகியவற்றின் கூட்டமே தோல் நுண்ணுயிர்த் தொகுதி. இந்தக் கூட்டத்தை அழிக்காமல் அழுக்கை மட்டும் போக்குவதுதான் ‘மைக்ரோபயோம்’ பராமரிப்பு என்ற பெயரில் இப்போது விற்கப்படும் பொருள்களின் அடிப்படை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வீடுகளில் இது முழுக்கப் புதிய சங்கதி அல்ல. நாட்டு மருந்துக் கடைக் குளியல் பொடி அங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

தோல் இலேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை இருக்கும். ஜெர்மானிய மருத்துவர்கள் ஷாடேயும் மார்க்கியோனினியும் 1928-இல் இதை ‘அமில உறை’ என்று விவரித்தனர். தோலை உயிர்கள் வாழும் நிலமாகவே பார்த்து 1965-இல் தனி நூல் எழுதியவர் நியூசிலாந்தில் பணியாற்றிய மேரி மார்பிள்ஸ். முகம், முதுகு போன்ற எண்ணெய்ப் பிசுக்கு மிகுந்த இடங்களில் குட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் அதிகம். தோலெண்ணெயை அது கொழுப்பு அமிலங்களாக உடைப்பதால் அமிலத்தன்மை நிலைக்கிறது. முகப்பருவுக்காகப் பழி சுமப்பதும் அதே பாக்டீரியாதான். தோலில் காரம் ஏறினால் புண்ணும் சீழும் உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு வசதி.

சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை. குளித்தபின் தோல் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகலாம். நாளுக்கு மூன்று முறை சோப்புப் போட்டுக் குளிப்பவருக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை. சோப்பு உறையில் அச்சிடப்படும் டி.எஃப்.எம். எண்ணைப் பார்த்து வாங்குவோர் உண்டு. இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரச் சோப்பில் அது 76 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஆனால் அந்த எண் சொல்வது கொழுப்புப் பொருளின் அளவை மட்டுமே. காரம் குறைவு என்று அதற்குப் பொருளில்லை. மூலிகைச் சோப்புக்கும் இது பொருந்தும். ரயில்வே மருத்துவர் வி.பி. சித்தன் 1969-இல் சென்னையில் தொடங்கிய மெடிமிக்ஸ் முதல் இன்றைய குடிசைத் தொழில் சோப்புகள் வரை, எண்ணெயும் காரமும் சேர்ந்தால்தான் சோப்பு. அடையாற்றின் கடலோரத் தெருக்களில் உவர்ப்பான போர்வெல் தண்ணீர் வேறு. கடினநீரின் கால்சியம் சோப்போடு சேர்ந்து திப்பியாகித் தோலில் படிந்துவிடும்.

சென்னையின் வியர்வை இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்குகிறது. நல்ல பாக்டீரியா என்று பெயரெடுத்த ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், வியர்வை தேங்கும் தோலில் பிசின் போன்ற பொருளைச் சுரந்து வியர்வை நாளங்களை அடைக்கக்கூடும்; கத்திரி வெயிலில் வரும் வேர்க்குருவில் அதற்கும் பங்குண்டு. தேமல் வரக் காரணமான மலாசீசியா பூஞ்சையும் வெளியிலிருந்து வருவதல்ல, எல்லார் தோலிலும் ஏற்கெனவே இருப்பது.

குளியல் பொடி

மயிலாப்பூர் கச்சேரி சாலையிலுள்ள டப்பா செட்டி கடை, நூறாண்டைக் கடந்த நாட்டு மருந்துக் கடை. இத்தகைய கடைகளில் நலங்கு மாவு எனும் குளியல் பொடிக்கான சரக்கைத் தனித்தனியாகவும் வாங்கலாம், அரைத்ததாகவும் வாங்கலாம். பச்சைப்பயறும் கடலைப்பருப்பும் அடிப்படை. அதோடு கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கார்போக அரிசி. வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் அரைத்து, வெள்ளைத் துணியில் சலிப்பது வழக்கம். தி. நகரில் கல்யாணப் பட்டு எடுக்க வருவோரின் பட்டியலிலும் இது இடம்பெறும்.

பயற்றமாவு எண்ணெயை உறிஞ்சி எடுக்கும், ஆனால் சோப்பின் காரம் அதில் இல்லை. இதன் பலன் சேர்க்கும் மூலிகையைவிட, தவிர்க்கும் காரத்தில்தான் அதிகம் என்று கொள்வதே நியாயம். தலைக்குப் போடும் சீயக்காயும் இப்படியே: அதன் சபோனின் நுரைத்து அழுக்கை எடுக்கும்; கரைசலோ இலேசான அமிலம்.

அதற்காகப் பொடியை ஆபத்தே இல்லாதது என்று சொல்லிவிட முடியாது. கார்போக அரிசியில் சோராலென் உண்டு. அது தோலை வெயிலுக்குக் கூசவைக்கும் பொருள். வெண்புள்ளி மருத்துவத்தில் பயன்படுவதும் அதனால்தான். அதைத் தடவிக்கொண்டு மெரினா வெயிலில் நிற்பவருக்குத் தோல் கருக்கலாம், கொப்புளிக்கவும் கூடும். பொடி கொரகொரப்பாக இருந்தால் தேய்ப்பில் தோல் உரியும். குழந்தைகளுக்கு அத்தகைய பொடி கூடவே கூடாது. ஈரக் கை பட்ட டப்பாவைக் குளியலறையிலேயே வைத்தால் பருப்பு மாவில் பூசணம் பிடிக்கும். நுண்ணுயிரைக் காக்கப் போய் வேண்டாத நுண்ணுயிரை வளர்த்த கதையாகிவிடும்.

எண்ணெய்க் குளியலுக்கும் ஒரு வரம்பு உண்டு. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்க மலாசீசியாவால் முடியாது. அது எண்ணெயை நம்பியே வாழ்கிறது. பொடுகு உள்ளவர் இரவு முழுதும் தலையில் எண்ணெய் ஊறவிடுவது அதற்குச் சோறு போடுவது போலத்தான்.

பாட்டிலில் வருபவை

அடையாறு மருந்துக் கடைகளில் கிடைக்கும் காரமற்ற கிளென்சர்களில் செராமைடு, இனுலின், பாக்டீரியா நொதிச்சாறு என்று பல பெயர்கள் காணப்படும். ‘ப்ரோபயாடிக்’ என்று அச்சிட்ட கிரீம்களில் பெரும்பாலும் உயிருள்ள பாக்டீரியா இராது, அதன் சாறுதான் இருக்கும். கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருளே அதை வாழவிடாது. உயிருள்ள பாக்டீரியாவைத் தடவும் முயற்சி ஆய்வகங்களில் நடக்கிறது. கலிபோர்னியாவின் சான் டியேகோ ஆய்வாளர்கள் ஸ்டஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் வகை ஒன்றைக் கரப்பான் நோயாளிகளிடம் சோதித்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டனர். இந்தியாவில் ‘ப்ரோபயாடிக்’ கிரீம்கள் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின் கீழ் வருகின்றன. நோயைக் குணப்படுத்துவதாகச் சொன்னால் அது மருந்தின் கணக்கில் சேரும்.

தோலை இவை எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது, படர்தாமரைக்கென்று சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அரிப்பு இரண்டே நாளில் அடங்கும். பூஞ்சை அடியில் பரவி, வட்டம் சிதைந்து, மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது.