கும்பினி ஆட்சியும் கோயிற் கடமையும்



அரசுப் பணி செய்வான் ஒருவன்மேல், அவன் சமயத்துக்கு ஒவ்வாத கடமையொன்றைச் சட்டம் சுமத்துமாயின் அவன் என் செய்தல் வேண்டும்? இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் தென்னாட்டுத் திருக்கோயில்களின் பொருட்டே இது முன்னர் எழுந்து, அவற்றின் நிருவாகப் போக்கை மாற்றியது.

சென்னை மாகாணத்துக் கும்பினி அரசு 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ரெகுலேஷனால் கோயில் அறக்கட்டளைகளின் மேற்பார்வையை ரெவினியூ போர்டாரிடம் ஒப்புவித்தது. அவர்க்குக் கீழ் நின்று அதனை நடத்தியவர் ஜில்லாக் கலெக்டர்கள். நிலவருவாயைக் காத்தலும், பழுது பார்ப்பித்தலும், திருவிழா முட்டின்றி நடக்கச் செய்தலும் அவர் கடனாயின. அதற்கு முன்னரே, 1794 முதல் 1798 வரை செங்கற்பட்டுச் சீமையை ஆண்ட லயனல் பிளேஸ் துரை கோயில்களைப் பேணினார். மதுராந்தகம் கோயிற் கல்வெட்டு அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. மதுரைக் கலெக்டர் ரௌஸ் பீட்டர் அங்கயற்கண்ணி அம்மைக்கு மணியிழைத்த பொன் அங்கவடிகளைக் காணிக்கையாக்கினார் என்ப. இவர்கள் தம் கிறித்துவ சமயத்தைத் துறந்தாரல்லர். குடிகளின் வழிபாட்டைக் காத்தல் ஆள்வோர் கடனென்று கொண்டனர்.

வேறு சிலர்க்கோ இக்கடமை நெஞ்சில் முள்ளாயிற்று. இந்துத் திருவிழாக்களில் படைவீரர் மரியாதை செய்தலும், கோயிற் காரியங்களை அதிகாரிகள் நடத்துதலும் தம் சமயத்துக்கு மாறென அவர்கள் கருதினர். 1836-இல் குருமாரும் அதிகாரிகளும் கையொப்பமிட்ட விண்ணப்பமொன்றைச் சென்னைப் பிஷப் டேனியல் காரி அரசுக்கு அனுப்பினார். அரசு அதனை ஏற்கவில்லை. சென்னைப் படையின் தலைமைத் தளபதியாயிருந்த சர் பெரிகிரின் மெயிட்லண்டு, தம் மனச்சான்று இடங்கொடாமையால், 1838-இல் அப்பெரும்பதவியைத் துறந்து சென்றார்.

அவர் கொள்கை நம் கொள்கையன்று. ஆயினும் பதவியையும் ஊதியத்தையும் கைக்கொண்டு கடமையை மட்டும் மறுத்தாரல்லர். இழப்பைத் தாமே ஏற்றார். அந்நேர்மையை நாம் போற்றுதல் தகும்.

பின்னர் நிகழ்ந்தது வேறு. இக்கிளர்ச்சியின் பயனாக, 1840-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் கலெக்டர்கள் கோயிற் பொறுப்பினின்றும் விலகலாயினர். கோயில்கள் ஆதீனங்களிடத்தும் தருமகர்த்தாக்களிடத்தும் ஒப்புவிக்கப்பட்டன. 1863-ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் அவ்விலகலை முடிவாக்கியது. நல்லோர் கையிற் சேர்ந்த கோயில்கள் பொலிந்தன. ஏனைய பலவற்றில் நிலங்கள் கைமாறின, கணக்குகள் மறைந்தன. கேட்பார் இலராயினர். ஒருவர் தம் பதவியைத் துறந்தால் இழப்பு அவருக்கே; பதவியினின்று கடமையையே அகற்றினால் இழப்பு அதனை நம்பியிருந்த குடிகளுக்கு. இவ்வேறுபாடு நினைவிற் கொள்ளத்தக்கது.

அக்குறையை நீக்கவே 1927-இல் அறநிலையப் பாதுகாப்புச் சட்டமும், 1951, 1959 ஆகிய ஆண்டுகளில் அதன் வழிவந்த சட்டங்களும் தோன்றின. ஆணையர் முதலிய அலுவலர் இந்து சமயத்தினராதல் வேண்டுமென 1959-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. எனவே பழைய இடர் தீர்ந்ததெனலாமோ? ஆகாது. நம் சமயத்தார்க்குள்ளும் அது எழுந்தது. 1939 சூலை 8-ஆம் நாள் மதுரை வைத்தியநாத ஐயர், அதுகாறும் உள்ளே விடப்படாதிருந்த அன்பர் சிலரை மீனாட்சியம்மை சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். கோயில் நிருவாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். பட்டர் சிலர் பூசை செய்ய மறுத்தனர். ஆலயப் பிரவேசத்தைக் காக்கும் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறிற்று. 1947-இல் அது மாகாணமெங்கும் உரிமையாயிற்று.

மறுத்தவர் நம்பிக்கை உண்மையானதாகவே இருக்கலாம். ஆயினும் திருவாயில் அவர்தம் உடைமையன்று. அடியார் அனைவர்க்கும் உரியது. மனம் ஒவ்வாதார் விலகி நிற்கலாம். வாயிலில் நின்றுகொண்டு பிறரைத் தடுத்தல் அறமன்று.

குடமுழுக்குக் காணும் இத்திருக்கோயிலிற் பணிபுரிவோரும் பொருள் வழங்கிய புரவலரும் இதனை உளங்கொள்வாராக. திருவருள் முன்னிற்க.