அயலார் எழுதிய கடிதங்கள்

புதுச்சேரியின் வடபுறத்தே கடலோரமாக அமைந்த கனகசெட்டிக்குளத்திலிருந்து கரைவழியே தெற்கு நோக்கிச் செல்வோமாயின், முதலில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி நகரையும், பின்னர் நெடுந்தொலைவில் தேனியர் ஆண்ட தரங்கம்பாடியையும் அடைவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்விரு துறைமுகங்களிலும் ஐரோப்பியர் தமிழரிடையே வாழ்ந்தனர். தம்மைச் சூழ்ந்திருந்தோர் தம்மைக் குறித்து மெய்யாகவே எண்ணியது யாதென அவர்கள் அறிந்தனரா? இவ்வினாவிற்கு ஈரூர்களும் வெவ்வேறு விடை பகர்கின்றன.

புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியாய் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதி வந்தார். ஆளுநரையும் அவர்தம் மனைவியையும் பற்றிய கடுமையான மதிப்பீடுகள் அதில் உள்ளன. நேரிலோ, பெரும்பாலும் புகழ்மொழியே பேசினார். அதிகாரத்தின் முன் நிற்பவரின் நிலை அது; அவரைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆயினும், பிற்கால வரலாற்றாசிரியருக்குப் பெருந்துணையான அவ்வுண்மை, 1754இல் பதவியிழந்து நாடு திரும்பிய துய்ப்ளேக்கு உதவவில்லை.

தரங்கம்பாடியில் நிகழ்ந்தது வேறு. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கும், 1709இல் வந்து சேர்ந்த கிரண்ட்லரும், 1712 முதல் 1714 வரை கிறிஸ்தவரல்லாத தமிழருக்கு வினாக்கள் விடுத்து, எழுத்தில் மறுமொழி வேண்டினர். கிடைத்த கடிதங்களுள் தொண்ணூற்றொன்பது ஜெர்மன் மொழியில் ஆக்கப்பட்டு, ஹாலே நகரில் அச்சேறின. அவற்றுட் பலவற்றை, மிஷனெரிகளுடன் பணியாற்றிய அழகப்பனே எழுதியிருத்தல் கூடும் என ஆய்வாளர் கருதுவர்.

கிறிஸ்து மார்க்கத்தை ஏற்கத் தயங்குவதேன் என்னும் வினாவும் எழுப்பப்பட்டது. வந்த விடைகளோ இனியவை அல்ல. கிறிஸ்தவர் குடித்து வெறிக்கின்றனர், பசுவைக் கொன்று உண்கின்றனர், உடற்றூய்மை பேணுவதில்லை என்று எழுதினர். போதனையைக் காட்டிலும் போதிப்போரைச் சார்ந்தோரின் நடக்கையே அவர்களுக்குத் தடையாய் நின்றது.

மிஷனெரிகள் இக்கடிதங்களை மறைத்தாரில்லை. தம் மறுப்புரைகளையும் சேர்த்து அனுப்பினர். எனினும், கேட்பது வேறு, செவிகொடுப்பது வேறு. தமிழர் சமயத்தைக் குறித்துச் சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த தெய்வங்களின் வரலாற்று நூலை ஹாலேயிலிருந்த தலைவர்கள் அச்சிட விரும்பவில்லை. அது 1867இல்தான் வெளிவந்தது.

தாவீதுக்கு ஒரு நாத்தான் வேண்டியிருந்தான். நமக்கும் அத்தகையோர் வேண்டும். பிரசங்கம் முடிந்து வாயிலில் கைகுலுக்கிப் பாராட்டுவோர் பலர். நம் குறையை எடுத்துரைப்போர் சிலரே. உபதேசியாரும், சபைப் பணியாளரும், எதிர்வீட்டு இந்துவும் இஸ்லாமியரும் நம்மை நாள்தோறும் நோக்குகின்றனர். அவர்கள் கண்டதைத் தம் மனக்குறிப்பேட்டிலேயே புதைத்துவைக்கும்படி நாம் நடந்துகொள்கிறோமா, அன்றி அச்சமின்றி நம்மிடம் உரைக்க இடமளிக்கிறோமா? திருப்பணிக்கு ஆயத்தமாவோர் முதலிற் கற்கவேண்டுவது, பேசும் கலையினும் இவ்வாறு வினவும் துணிவே எனலாம்.