டாஷ்போர்டிலிருந்து கைப்பேசிக்கு

மோட்டார் வாகனச் சட்டம் 1939-இலேயே வந்துவிட்டது. மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய பகுதி மட்டும் 1946 ஜூலை 1 வரை காத்திருந்தது.

நான் காப்பீட்டு ஏஜென்டாக இருந்த காலத்தில் பாலிசி என்றால் காகிதம்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஆர்.சி. புக்கோடு டாஷ்போர்டில் வைக்கச் சொல்வேன். மழையில் எழுத்து அழிந்த தாளை நீட்டுவோரும் உண்டு, தேதி திருத்திய ஜெராக்ஸை நீட்டுவோரும் உண்டு. எது மெய் என்று அறிய, வண்டியை நிறுத்திய காவலருக்கு அந்த இடத்தில் வழியே கிடையாது. போலிப் பாலிசியின் கொடுமை விபத்துக்குப் பிறகுதான் தெரியும்: காலை இழந்தவர் தீர்ப்பாயத்தில் நிற்பார், அது எங்கள் பாலிசியே இல்லை என்று கம்பெனி கைவிரிக்கும். அந்த மனிதர்களுக்காகத்தான் இந்தக் கட்டாயக் காப்பீடே வந்தது.

2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதி 139 திருத்தப்பட்டு, ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டினாலும் செல்லும் என்றானது. இன்று அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் பாலிசி முடியும் தேதி வந்துவிடுகிறது. 2019 சட்டத் திருத்தம் காப்பீடு இல்லாமல் ஓட்டுவதற்கான அபராதத்தை முதல் தடவைக்கு 2,000 ரூபாய் ஆக்கியது. அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது உச்ச நீதிமன்ற உத்தரவை. அதன்படி 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டு, பைக்குக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் பாலிசி கட்டாயம். அதுவரை முதல் ஆண்டோடு பைக் பாலிசியை மறந்துவிட்டவர்கள் ஏராளம்.