கூடங்குளத்துக் கழிவும் மீரியபெத்தையின் பாடமும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அவ்விடம் வசிப்பதற்கு ஏற்றதன்று எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மாற்றுக் காணியும் வீடும்தான் இருக்கவில்லை. போக்கிடம் இல்லாதவர்களிடம் 'போய்விடுங்கள்' என்று சொல்வதோடு பொறுப்பு முடிந்துவிடுகிறதா என்று மலையகம் அன்று கேட்டது.

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், கூடங்குளத்திலும் ஏறத்தாழ இதே கேள்விதான். அங்கே போக்கிடம் இல்லாதிருப்பது அணுவுலையில் எரிந்து தீர்ந்த எரிபொருள்.

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்தபோது, அந்த எரிபொருளைச் சோவியத் ஒன்றியமே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. சோவியத் ஒன்றியம் சிதைந்தது. 1998இல் ரஷ்யாவுடன் செய்துகொண்ட துணை ஒப்பந்தத்தின்படி அது இந்தியாவிலேயே தங்கும் என்றாயிற்று. இந்த மாற்றத்தைப் பற்றிக் கடலோர மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

அம்மக்களின் எதிர்ப்போ ஒப்பந்தத்துக்கு அடுத்த ஆண்டே தொடங்கிவிட்டது. 1989 மே முதல் நாள் கன்னியாகுமரியில் மீனவர்கள் நடத்திய பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 2011 மார்ச்சில் புகுஷிமா விபத்து நேர்ந்தபின், இடிந்தகரை லூர்து மாதா ஆலயத் திடல் போராட்டத்தின் களமாயிற்று. 2012 செப்டம்பரில் அணுவுலையை முற்றுகையிடக் கடற்கரையில் திரண்டவர்கள் மீது தடியடி நடந்தது. மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டுக்கு மீனவர் ஒருவர் பலியானார்.

அதே ஆண்டு நவம்பரில், கழிவைக் கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கத்தில் வைக்கலாம் என்ற பேச்சு உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. கோலார் கொதித்தெழுந்ததும் அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மறுப்பு வந்தது. கோலார் சுரங்கங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஊவாவின் தேயிலை மலைகளுக்கு வந்தவர்களைப் போலவே பிழைப்புத் தேடிப் பெயர்ந்தவர்கள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

2013 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் உலை இயங்க அனுமதி அளித்தது. உலைக்கு வெளியே தனிச் சேமிப்பகமும், நிலத்தடியில் நிரந்தர வைப்பிடமும் விரைவில் அமைக்கப்பட வேண்டும் என்றும் பணித்தது. 2018இல் சேமிப்பகத்துக்கான கெடு 2022 வரை நீட்டிக்கப்பட்டது. 2019 ஜூலைக்கு அறிவித்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பினால் தள்ளிவைக்கப்பட்டது. 2022 பெப்ரவரியில் தமிழக முதல்வர் ஸ்டாலின், அந்த எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்புமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார். முப்பத்துமூன்று ஆண்டுகள் சுற்றிய விவாதம் 1988இன் ஏற்பாட்டிடமே திரும்பி வந்தது!

எரிந்து தீர்ந்த எரிபொருள் கழிவன்று, மறுசுத்திகரிப்புக்குரிய வளம் என்பது அணுசக்தித் துறையின் வாதம். அவ்வாறு சுத்திகரித்த பின்னும் கடுங்கதிரியக்கக் கழிவு எஞ்சும். எரிபொருளிலுள்ள புளூட்டோனியம்-239இன் அரை ஆயுள் மட்டும் சுமார் 24,000 ஆண்டுகள். கட்சிகளும் அரசுகளும் ஒப்பந்தங்களும் அவ்வளவு காலம் நிற்பதில்லை. சோவியத் ஒன்றியம் ஒப்பந்தத்துக்குப் பின் நான்காண்டுகள்கூட நிலைக்கவில்லையே!

இடிந்தகரை மக்களை விஞ்ஞானம் அறியாதவர்கள் என்று இகழ்ந்தவர்கள் உண்டு. அவர்கள் கேட்டதோ எளிய கேள்வி: இதை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? மீரியபெத்தையில் மாற்றிடம் பற்றிய அக்கறை மண் சரிந்த பிறகே வந்தது. கடலோரத்தில் அந்தப் பதில், கழிவு சேரும் முன்பே தரப்பட்டிருக்க வேண்டியது.