நாற்பதாம் வசனம்

1994-ஆம் வருடத்துக் குருத்து ஞாயிறு. எனக்குப் பத்து வயது. தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர் ஒன்றில் எங்கள் வீடு. பூசை முடிந்து வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து குருத்தோலையில் சிலுவை முடைந்துகொண்டிருந்தார் ஆச்சி. "சாமியார் இன்னைக்குப் பாடுகளைச் சுருக்கா முடிச்சுட்டாரு. நீ முழுசா வாசி, கேப்போம்" என்றார்.

ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. செபமாலையும் மன்றாட்டுமாலையும் சிலுவைப் பாதைச் செபங்களும் மனப்பாடம். அவர் இளமையில் பார்த்த பூசை லத்தீனில் நடந்தது. அங்கே என்ன சொல்கிறார்கள் என்று புரியாததால், பெண்கள் கீழே உட்கார்ந்து தங்கள் செபத்தைத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். தமிழில் பூசை வந்தபோது ஆச்சி நடுவயதைத் தாண்டியிருந்தார். அதன்பிறகு ஒரு வார்த்தையையும் அவர் விட்டதில்லை.

மாற்கு நற்செய்தியை வாசித்தேன். பதினைந்தாம் அதிகாரம் 39-ஆம் வசனத்தில், சிலுவையின் முன் நின்ற நூற்றுவர் தலைவன் பேசுகிறான். காலையில் கோயிலில் அங்கேதான் நிறுத்தினார்கள். வீட்டில் நான் நிறுத்தவில்லை. 40, 41-ஆம் வசனங்களில் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வருகிறார்கள். மகதலேனா மரியாள், யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயான மரியாள், சலோமி. கலிலேயாவிலிருந்தே கூட வந்து பணிவிடை செய்தவர்கள். அவர்களைத் தவிர இன்னும் பல பெண்கள்.

"எத்தனை பேரு?"

"பல பேருன்னு போட்டிருக்கு ஆச்சி."

"இதை ஏன் கோயில்ல வாசிக்கல?"

"நேரமாகிடும்னு இருக்கும்."

ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆச்சி சொன்னார்: "பொம்பளைங்க வர்ற இடத்துலதான் நேரமாகுதாக்கும்."

அந்தக் கேள்விக்கு விடை தெரிய எனக்கு இருபது வருடங்கள் ஆயின. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969-இல், பூசை வாசகங்களுக்குப் புதிய ஒழுங்கு வந்தது. மூன்று வருடச் சுழற்சி. முதலாம் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா. குருத்து ஞாயிறன்று பாடுகளின் வரலாறு நீளமானது என்பதால் குறுகிய வடிவம் ஒன்றையும் கொடுத்தார்கள். மாற்குவின் குறுகிய வடிவம் 39-ஆம் வசனத்தோடு முடிகிறது. பெண்கள் வருவது 40-இல். மத்தேயுவின் குறுகிய வடிவம் இருபத்தேழாம் அதிகாரம் 54-ஆம் வசனத்தோடு முடிகிறது. பெண்கள் வருவது 55-இல். லூக்காவில் மட்டும் அவர்கள் தப்பிக்கிறார்கள்.

மாற்குவின் குறுகிய வடிவத்தில் விடுபடுவது அது மட்டுமல்ல. பாடுகளின் தொடக்கத்திலேயே பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் இவள் செய்ததும் இவள் நினைவாகச் சொல்லப்படும் என்கிறார் இயேசு. குறுகிய வடிவத்தை வாசிக்கும் கோயிலில் அது சொல்லப்படுவதில்லை. அந்தத் தைலத்தின் மூலிகை இமயமலைச் சரிவில் விளைவது, நம் நாட்டு மருந்துக்கடைகளில் சடாமாஞ்சில் என்று விற்பது. சரக்கு அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை ஊற்றியவளின் கதைக்குக் கோயிலில் நேரம் போதவில்லை.

உயிர்ப்பு ஞாயிறுக்கு வருவோம். அன்று பகல் பூசைக்கு யோவான் இருபதாம் அதிகாரம், ஒன்று முதல் ஒன்பது வரை. மகதலேனா மரியாள் இருட்டோடு கல்லறைக்குப் போகிறாள், கல் விலகியிருப்பதைப் பார்க்கிறாள், ஓடிவந்து சொல்கிறாள். இரண்டு ஆண்கள் ஓடிப்போய்ப் பார்க்கிறார்கள். வாசகம் முடிந்தது. பத்தாம் வசனத்தில் அந்த ஆண்கள் வீடு திரும்புகிறார்கள். மரியாள் மட்டும் அழுதுகொண்டு அங்கேயே நிற்கிறாள். உயிர்த்தவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், போய்ச் சீடர்களிடம் சொல்லச் சொல்கிறார். கிறிஸ்தவத்தின் முதல் நற்செய்தி அறிவிப்பு அதுதான். அதை வாசிப்பது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை காலைப் பூசைக்கு எத்தனை பேர் போகிறோம்?

சனிக்கிழமை இரவுத் திருவிழிப்பில் பெண்கள் கல்லறைக்கு வரும் பகுதி வாசிக்கப்படுகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. பெண்களை ஒழிக்க யாரோ கூடிச் சதி செய்தார்கள் என்றும் நான் சொல்லவில்லை. முக்கியமானதெல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றிய இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்குச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

மரியாளின் பெயருக்கு நேர்ந்ததும் இதைப் போன்றதுதான். 591-இல் பெரிய கிரகோரி பாப்பரசர் ஒரு மறையுரையில், லூக்கா நற்செய்தியில் பெயரில்லாமல் வரும் பாவியான பெண்ணையும் பெத்தானியா மரியாளையும் மகதலேனா மரியாளையும் ஒரே பெண்ணாக்கினார். அதற்குப் பிறகு மேற்குத் திருச்சபையில் ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு மேல் அவள் மனம் திரும்பிய விலைமாது. 1969-இல் திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது அந்தக் குழப்பத்தை நீக்கினார்கள். 2016-இல் அவளுடைய நினைவு நாள் அப்போஸ்தலர்களுக்கு உள்ளதுபோலத் திருவிழாவாக உயர்த்தப்பட்டது. ஆனால் எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் நான் கடைசியாகப் பார்த்தபோதும் அவள் தலைவிரி கோலமாகத்தான் வந்தாள்.

பெண்ணிய நண்பர்கள் என்னைக் கேட்பார்கள்: "இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்னும் கோயிலுக்குப் போகிறாய்?" பல வருடங்கள் என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைத்தது எகேரியாவிடம்.

1884-இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. முதலும் முடிவும் இல்லாத பயணக் கடிதம். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் போன ஒரு பெண், தன் ஊரிலிருந்த சகோதரிகளுக்கு எளிய லத்தீனில் எழுதியது. அவள் அங்கே இருந்தது 381 முதல் 384 வரை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பெயர் இருந்த ஏடு தொலைந்துவிட்டதால் முதலில் அவளைச் சில்வியா என்றார்கள். பிறகு, ஏழாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் எழுதிய கடிதத்தின் துணையால் எகேரியா என்று கண்டார்கள்.

புனித வாரம் எப்படிச் செபிக்கப்பட்டது என்று நாளுக்கு நாள், மணிக்கு மணி சொல்லும் மிகப் பழைய விவரம் இந்தக் கடிதம்தான். எங்கள் ஊரில் பாஸ்கா வாரம் என்போமே, அதை இங்கே பெரிய வாரம் என்கிறார்கள் என்று எழுதுகிறாள். பெரிய வியாழன், பெரிய வெள்ளி என்று சொல்லியே வளர்ந்த எனக்கு அந்த வரியில் சட்டென்று சொந்தம் வந்தது. குருத்து ஞாயிறன்று ஒலிவ மலையிலிருந்து ஊர் முழுக்க இறங்கி வருகிறது. நடக்க முடியாத குழந்தைகளைப் பெற்றோர் தோளில் தூக்கிக்கொள்கிறார்கள், எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஓலையோ ஒலிவக் கிளையோ இருக்கிறது. கூட்டம் களைத்துவிடக் கூடாது என்று மெதுவாக நடக்கிறார்கள். வியாழன் இரவு கெத்சமனியில் இயேசு பிடிபட்ட பகுதியை வாசிக்கும்போது எழுந்த அழுகை நகரம்வரை கேட்டது என்கிறாள். வெள்ளியன்று சிலுவை மரத்தை முத்தி செய்ய வருகிறவர்களைத் திருத்தொண்டர்கள் கவனமாகக் காவல் காக்கிறார்கள். ஏனென்றால் முன்பொரு தடவை யாரோ முத்தி செய்வதுபோல் குனிந்து ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

இந்தத் துண்டு சமாச்சாரத்தை எழுதியது ஒரு பெண்ணின் கண் என்று நினைத்துக்கொள்வேன். எருசலேம் ஆயர் கிரேக்கத்தில் பேசுவதையும், அதைச் சிரியாக் மொழியில் ஒரு குரு சொல்வதையும், லத்தீன் மட்டும் தெரிந்தவர்களுக்கு இரு மொழியும் அறிந்த சகோதரர்களும் சகோதரிகளும் விளக்குவதையும் அவள் குறித்து வைத்திருக்கிறாள். எடெசாவுக்கும் போய்த் தோமையாரின் கல்லறைக் கோயிலில் செபித்திருக்கிறாள். அந்த எலும்புகள் இந்தியாவிலிருந்து போனவை என்பது மரபு. மயிலாப்பூருக்குப் போகும்போதெல்லாம் எனக்கு எகேரியாவின் ஞாபகம் வரும்.

புனித வாரத்தின் நினைவையே நமக்குத் தந்தவள் ஒரு பெண். அவள் எழுதியது பெண்களுக்கு. இந்த வீட்டில் நான் விருந்தாளி இல்லை என்று அன்று புரிந்தது. இதைத்தான் என் நண்பர்களுக்குப் பதிலாகச் சொல்கிறேன்.

பெரிய வியாழன் எனக்கு நெருடலான நாள். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு ஆண்கள், சாமியார் காலைக் கழுவித் துடைப்பார். துடைக்கும் துண்டுகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தது ஆச்சி. அந்த நாற்காலியில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார், மாமா உட்கார்ந்திருக்கிறார். ஆச்சி உட்கார்ந்ததில்லை.

ஆண்கள் மட்டும் என்ற விதி கல்லில் எழுதியதா? திமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம், கைம்பெண்கள் குழுவில் சேர்பவளின் தகுதிகளில் ஒன்றாக இறைமக்களின் கால்களைக் கழுவியிருப்பதையும் சொல்கிறது. 1556-இல் இங்கிலாந்து அரசி முதலாம் மேரி பெரிய வியாழனன்று கிரீனிச்சில் ஏழைப் பெண்களின் கால்களை முழங்காலிட்டுக் கழுவினார். பங்குக் கோயில் பூசைக்குள் இந்தச் சடங்கு பரவலாக வந்ததே 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் புனித வார வழிபாட்டைச் சீர்திருத்திய பிறகுதான். ஆச்சியின் கல்யாணத்துக்குப் பிறகு வந்த வழக்கம்!

2013-இல் போப் பிரான்சிஸ் உரோமைச் சிறார் சிறையில் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார்; அதில் இருவர் பெண்கள். 2016 ஜனவரியில் பெண்களும் உட்காரலாம் என்று விதியே மாறியது. எங்கள் பங்கில் கேட்டோம். "இங்கே வழக்கம் இல்லை" என்றார்கள். அடுத்த வருடமும் கேட்டோம். "ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்றார்கள். ஊர்க்காரர்கள் என்றால் யார் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் ஆச்சி போய்விட்டார்.

2024, மறுபடியும் மாற்குவின் ஆண்டு. குருத்து ஞாயிறன்று பாடுகளை மூன்று பேர் பிரித்து வாசிப்பது வழக்கம். விவரிப்பாளர் பகுதி எனக்கு வந்தது. வெயில் அதிகம், குறுகிய வடிவம் போதும் என்று ஃபாதர் முன்பே சொல்லியிருந்தார். 39-ஆம் வசனம் முடிந்தது. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு 40-ஐ வாசித்தேன், பிறகு 41-ஐ. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பூசை முடிந்து ஃபாதர், "சுருக்கமா முடிக்கச் சொன்னேனே" என்றார். "ரெண்டு வசனம்தான் ஃபாதர்" என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை போப் உரோமையின் ரெபிபியா பெண்கள் சிறையில் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். பன்னிரண்டு பேரும் பெண்கள். அதே மாலை எங்கள் கோயிலில் பன்னிரண்டு பேரும் ஆண்கள்.

அந்த நெருடலோடுதான் இந்த வாரத்தைச் செபிக்கிறேன். குருத்து ஞாயிறு மாலையில் வீட்டில் பாடுகளை முழுசாக வாசிப்பேன். உயிர்ப்பு ஞாயிறன்று ஒன்பதாம் வசனத்தில் நிறுத்தாமல் பதினெட்டுவரை போவேன். செவ்வாய்க்கிழமை விடிகாலைப் பூசையைத் தவறவிடுவதில்லை.

2024-இல் அந்தக் குருத்து ஞாயிறன்று நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, ஓலையைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒரு வயதான அம்மா கிட்டே வந்தார்.

"ஏம்மா, கடைசியில ஒரு பேரு வாசிச்சியே, சலோமின்னு. அது யாரு?"

கோயில் படியிலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம்.